கேலிப்ரேஷன் 'பாஸ்' என்கிறது, ரீடிங் ஏன் ஏறி நிற்கிறது? கேஹெச் டெஸ்டரை வீட்டிலேயே சர்வீஸ் செய்தவருக்கு ஒரு பதில்

கேள்வி இது. 300 லிட்டர் ரீஃப் டேங்க், அதாவது பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி. அதில் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை தானாகத் தண்ணீர் எடுத்து, ஆசிட் விட்டு, கேஹெச் (தண்ணீரில் ஆசிட்டைத் தாங்கும் காரத்தின் அளவு) சொல்லும் பெட்டி ஒன்று இரண்டு வருடமாக ஓடுகிறது. போன வாரம் நீங்களே பிரித்து சர்வீஸ் செய்திருக்கிறீர்கள். மூன்று பம்ப்களின் டியூபையும் மாற்றி, சோதனைக் கிண்ணத்தை வினிகரில் ஊறவைத்து, பிஹெச் அளக்கும் ப்ரோபைக் கழுவி மாட்டியிருக்கிறீர்கள். பெட்டியைப் பக்கத்து அலமாரிக்கு நகர்த்தியதால் ஒரு மீட்டராக இருந்த சாம்பிள் டியூப் இப்போது நான்கு மீட்டர். ஒவ்வொரு முறையும் 'லைனை ஆர்ஓ தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டு' மூன்று தடவை கேலிப்ரேஷன் (கேஹெச் தெரிந்த திரவத்தைக் கொடுத்துப் பெட்டியைத் திருத்துவது) போட்டீர்கள், மூன்றும் பாஸ். ஆனால் கையால் பார்த்தால் 8.1 வரும் டேங்க் தண்ணீருக்குப் பெட்டி 9.3, 9.6, 9.2 என்று சொல்கிறது. மெஷின் போய்விட்டதா, ப்ரோப் போய்விட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டும் போகவில்லை என்றுதான் நினைக்கிறேன். மேலே மேற்கோள் குறிக்குள் போட்டேனே, அந்த வரியிலேயே பாதி விடை இருக்கிறது. அதற்கு முன்னால் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு.

கேஹெச் ஏற்றும் திரவத்தை டேங்கில் விடும் டோசிங் பம்ப் இந்த ரீடிங்கைப் பார்த்து ஓடுகிறதா? ஓடினால் இப்போதே அந்த இணைப்பைத் துண்டியுங்கள். சர்வீஸுக்கு முந்தைய வாரம் தினம் சராசரியாக எத்தனை மில்லி போனதோ அந்த அளவே மாறாமல் போகும்படி இப்போதைக்கு வைத்துவிடுங்கள். பெட்டி 14 சதவீதம் கூட்டிச் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். டார்கெட் 8.2 என்றால் உண்மையான கேஹெச் 7.2-க்கு இறங்கும்வரை டோசர் வாய் திறக்காது. பவளங்களுக்கு 7.2 ஒன்றும் கெட்ட எண் அல்ல, இயற்கைக் கடல்நீரே ஏறக்குறைய 7-தான். ஆபத்து அடுத்த கட்டத்தில் வரும். நீங்கள் கேலிப்ரேஷனைச் சரிசெய்த மறுநிமிடம் பெட்டி 7.2 என்று உண்மையைச் சொல்லும். உடனே டோசர் ஒரு யூனிட்டை அவசரமாக ஏற்றப் பார்க்கும். அக்ரோபோரா பவளம் வைத்திருப்பவர்களுக்கு இந்த இறக்கமும் ஏற்றமும் எவ்வளவு செலவு வைக்கும் என்று தெரியும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

இந்தப் பெட்டிக்குள் நடப்பது பிளஸ் டூ வேதியியல் செய்முறையில் நாம் எல்லோரும் செய்த டைட்ரேஷன்தான்: ஆசிட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, காரம் தீர எவ்வளவு பிடித்தது என்று பார்ப்பது. கொஞ்சம் ஞாபகப்படுத்திப் பாருங்கள். பியூரெட், பிப்பெட், கூம்புக் குடுவை. பியூரெட்டை அதில் ஊற்றப்போகும் கரைசலால் கழுவு. பிப்பெட்டை அதில் எடுக்கப்போகும் கரைசலால் கழுவு. கூம்புக் குடுவையை மட்டும் காய்ச்சி வடித்த தண்ணீரால் கழுவு. லேப் அசிஸ்டென்ட் அண்ணன் தலையில் குட்டிச் சொல்லிக்கொடுத்த பாடம் இது. வைவாவில் ஏன் என்று கேட்டால் பாதிப் பேர் முழிப்போம். குடுவையில் நாலு சொட்டு வெறும் தண்ணீர் கிடந்தாலும் நீங்கள் ஊற்றிய காரத்தின் மொத்த அளவு மாறாது, அதனால் பாதகமில்லை. பிப்பெட்டுக்குள் தண்ணீர் இருந்தால் நீங்கள் எடுப்பது 20 மில்லி கரைசல் அல்ல, 19 மில்லி கரைசலும் ஒரு மில்லி தண்ணீரும்.

உங்கள் பெட்டியில் சோதனைக் கிண்ணம்தான் கூம்புக் குடுவை. ஆசிட் பம்பும் அதன் டியூபும் பியூரெட். சாம்பிள் பம்பும் அந்த நான்கு மீட்டர் டியூபும் பிப்பெட். நீங்கள் பிப்பெட்டை ஆர்ஓ தண்ணீரில் கழுவிவிட்டு நேரே கேலிப்ரேஷன் திரவத்தில் வைத்திருக்கிறீர்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். இந்தப் பெட்டிகளில் பரவலாக வரும் டியூபின் உள்விட்டம் 1.6 மில்லிமீட்டர். அது ஒரு மீட்டருக்கு 2 மில்லி தண்ணீர் பிடிக்கும். முன்பு ஒரு மீட்டர், அதாவது 2 மில்லி. பெட்டி சோதனைக்கு முன் லைனைக் கழுவி வெளியே தள்ளும் அளவும் அதற்கேற்ப வைத்ததாக இருக்கும், 2 மில்லி என்றே வைத்துக்கொள்வோம். இப்போது நான்கு மீட்டர், அதாவது 8 மில்லி. அந்த அமைப்பை நீங்கள் மாற்றவில்லை. ஆக 2 மில்லி வெளியே போகிறது, மீதி 6 மில்லி, கேஹெச்சே இல்லாத ஆர்ஓ தண்ணீர், கிண்ணத்துக்குள் 'சாம்பிள்' என்ற பெயரில் விழுகிறது. சாம்பிள் அளவு 50 மில்லி என்றால் அதில் நிஜமான கேலிப்ரேஷன் திரவம் 44 மில்லிதான். திரவம் 8.0 என்றால் பெட்டியின் கண்ணுக்கு அது 7.04. ஆனால் நீங்கள் 8.0 என்று சொல்லிவிட்டீர்கள். அதுவும் 'ஓஹோ, நான்தான் குறைத்துச் சொல்கிறேன் போல' என்று எல்லா ரீடிங்கையும் 1.136-ஆல் பெருக்க ஆரம்பித்துவிட்டது.

8.1-ஐ 1.136-ஆல் பெருக்கிப் பாருங்கள். 9.2 வரும்.

டேங்க் தண்ணீரை அளக்கும்போது இந்தத் தப்பு ஏன் தெரிவதில்லை என்றால், அப்போது லைனில் கிடப்பது ஆறு மணி நேரத்துக்கு முந்தைய டேங்க் தண்ணீர். கேஹெச் கிட்டத்தட்ட அதேதான். கேலிப்ரேஷன் நேரத்தில் மட்டும்தான் டியூபுக்குள் வேறு தண்ணீர் இருக்கிறது. கேலிப்ரேஷன் முடிந்ததும் சரிபார்க்க இன்னொரு தடவை லைனை ஆர்ஓவில் கழுவி, அதே திரவத்தை அளந்தால் அப்போதும் 44 மில்லிதான் போகும், 8.0 என்று அழகாகக் காட்டும். 'பாஸ்' வந்த ரகசியம் அதுதான். தப்பாகக் கற்றுக்கொடுத்த கேள்வியையே தேர்விலும் கேட்டால் நூற்றுக்கு நூறுதானே வாங்கும்.

என் பேச்சை நம்ப வேண்டாம், பத்து நிமிடச் சோதனை இருக்கிறது. வழக்கம்போல் லைனை ஆர்ஓவில் கழுவுங்கள். டியூபை 8.0 திரவத்தில் வையுங்கள். கேலிப்ரேஷன் பட்டனைத் தொடாமல், சாதாரண சோதனையாக மூன்று தடவை ஓட்டுங்கள், இடையில் கழுவக் கூடாது. முதல் ரீடிங் 8.0-ஐ ஒட்டியும் அடுத்த இரண்டும் 9.1-ஐ ஒட்டியும் வந்தால் விஷயம் உறுதி. மூன்றும் 8.0 என்றால் நான் சொன்னது தப்பு, கீழே எடை போட்டுப் பார்ப்பது பற்றிச் சொல்லும் பகுதிக்கு நேராகப் போங்கள். முதலிலிருந்தே 9.1 என்றாலும் அப்படியே.

இந்தச் சோதனைகளுக்குக் கம்பெனி பாட்டிலை வீணாக்க வேண்டாம். 250 மில்லி பாட்டில் நாலைந்து ஓட்டத்தில் காலியாகிவிடும், விலையும் கொஞ்சநஞ்சமல்ல. வீட்டிலேயே செய்துகொள்ளலாம். சமையல் சோடா, சிலர் ஆப்ப சோடா என்பார்கள், அதுதான் சோடியம் பைகார்பனேட். ஒரு லிட்டர் தண்ணீரில் 0.03 கிராம் போட்டால் ஒரு டிகேஹெச், அதாவது இங்கே பேசும் கேஹெச் எண்ணில் ஒன்று. ஞாபகம் வைத்துக்கொள்ள இதைவிட எளிய கணக்கு இந்தப் பொழுதுபோக்கில் வேறு இல்லை. 0.03 கிராமை யாரும் வீட்டில் நிறுக்க முடியாது, அதனால் 3.00 கிராமை நிறுத்து ஒரு லிட்டர் ஆர்ஓ தண்ணீரில் கரையுங்கள். அது 100 டிகேஹெச். அதில் 80 கிராம் எடுத்து ஒரு லிட்டராக்கினால் 8, 60 எடுத்தால் 6, 100 எடுத்தால் 10. அளவுக் குவளையை நம்பாமல் எல்லாவற்றையும் எடையாகவே செய்யுங்கள். நகைக்கடை மாதிரி 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு போதும்.

இதில் மூன்று எச்சரிக்கை. பேக்கிங் பவுடர் வேறு, அதில் ஏற்கனவே அமிலம் கலந்திருக்கும், அதை எடுக்காதீர்கள். புது பாக்கெட்டாக வாங்குங்கள், அடுப்புப் பக்கத்தில் மாதக்கணக்காகத் திறந்து கிடந்தது வேண்டாம். சூடு பட்ட பைகார்பனேட் கொஞ்சம் கொஞ்சமாகக் கார்பனேட்டாக மாறும், அதே எடைக்கு அதிக கேஹெச் காட்டும். மூன்றாவது, வெறும் ஆர்ஓ தண்ணீரில் பிஹெச் ப்ரோப் சோம்பலாக வேலை செய்யும், அதனால் லிட்டருக்கு 35 கிராம் உப்பு சேர்ப்பது நல்லது. ஆனால் டேபிள் சால்ட் வேண்டாம். கட்டி பிடிக்காமல் இருக்கச் சில உப்பில் கார்பனேட் கலப்பதுண்டு, அப்புறம் நீங்கள் அளப்பது சோடாவையா உப்பையா என்று தெரியாது. ஆய்வுக்கூடத் தரத்துச் சோடியம் குளோரைடு வாங்கிக்கொள்ளுங்கள். எப்படிச் செய்தாலும் இது கடல்நீர் அல்ல. 0.1, 0.2 வித்தியாசம் வரலாம். கோளாறு கண்டுபிடிக்க இது போதும், கடைசிக் கேலிப்ரேஷனுக்குக் கம்பெனித் திரவத்தையே வையுங்கள்.

உங்கள் கையளவுக் கருவியையும் இந்த 8.0 தண்ணீரில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். 8.1 என்று அது சொன்னதை வைத்துத்தானே இவ்வளவும் பேசுகிறோம்.

இப்போது உங்கள் எண்களைத் திரும்பப் பார்க்கலாம்: 9.3, 9.6, 9.2. நான் மேலே சொன்னது 9.2 வரைக்கும்தான் விளக்கம். 9.6 எங்கிருந்து வந்தது? ஒரே தண்ணீரை அளக்கும்போது 0.4 ஆடுகிறது. சர்வீஸுக்கு முன் 0.1-க்குள் இருந்தது என்கிறீர்கள். அப்படியென்றால் உங்களிடம் இருப்பது இரண்டு கோளாறுகள், ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கின்றன. ஒன்று எப்போதும் ஒரே பக்கம் தள்ளுகிறது, இன்னொன்று இஷ்டத்துக்கு ஆட்டுகிறது. ஆட்டம் நிற்காமல் கேலிப்ரேஷன் போடுவது ஆடும் ஏணியில் நின்று சுவரில் ஆணி அடிப்பது மாதிரி. அந்த நொடியில் எங்கே சாய்ந்திருந்ததோ அதுவே உங்கள் பூஜ்யமாகிவிடும். ஆட்டத்தை நிறுத்திவிட்டுத்தான் கேலிப்ரேஷன் பக்கமே போக வேண்டும்.

ஒரு வாளி டேங்க் தண்ணீர் எடுத்து மூடி வையுங்கள். டியூபை அதில் விட்டு ஐந்து தடவை ஓட்டுங்கள். கார்பன் டை ஆக்சைடு ஏறி இறங்கினால் பிஹெச் மாறும், கேஹெச் மாறாது. அதனால் ஒரு நாள் வாளியில் நின்றாலும் பயமில்லை. ஐந்தும் 0.15-க்குள் வருகிறதா என்பதுதான் கேள்வி. எண் சரியா தப்பா என்பதை இந்தக் கட்டத்தில் கண்டுகொள்ளாதீர்கள்.

ஆட்டத்துக்கு நான் முதலில் சந்தேகப்படுவது ஆசிட் பம்பின் புது டியூபை. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். நானும் இப்படித்தான் ஒரு விடுமுறை நாளில் டியூபை மாற்றினேன். கடையில் 'அதே சைஸ்தான் சார்' என்று கொடுத்தது. உள்விட்டம் அதேதான், பார்த்து வாங்கினேன். மறுநாள் காலை முதல் ரீடிங் மட்டும் 0.2 கூட, அடுத்தடுத்து ஓட்டினால் சரியாகிவிடும். மறுநாளும் அதே கதை. ப்ரோபைக் கழுவினேன், ஆசிட் பாட்டிலை மாற்றினேன், நாலு நாள் போனது. ஐந்தாம் நாள் ராத்திரி, சோதனை முடிந்த கையோடு ஆசிட் லைன் நுனியில் திரவம் நிற்கும் இடத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டுப் படுத்தேன். விடிந்ததும் செல்போன் டார்ச் அடித்துப் பார்த்தால், ஆசிட் கோட்டிலிருந்து நாலு விரற்கடை பின்வாங்கி நிற்கிறது.

இந்தப் பம்ப்கள் டியூபை உருளையால் நசுக்கித்தான் திரவத்தைத் தள்ளுகின்றன. பம்ப் நிற்கும்போதும் ஏதாவது ஒரு உருளை டியூபை முழுக்க நசுக்கிப் பிடித்திருக்க வேண்டும், அதுதான் வால்வு. டியூபின் சுவர் கொஞ்சம் மெல்லியதாக இருந்தால் முழுக்க நசுங்காது. நடுவில் ஒரு மயிரிழை இடைவெளி. அதன் வழியே ஆசிட் மெதுவாகப் பாட்டிலுக்கே திரும்பிவிடும். அடுத்த சோதனையில் பம்ப் சுற்ற ஆரம்பிக்கும், பெட்டி ஒவ்வொரு சுற்றையும் ஆசிட்டாக எண்ணிக்கொண்டே போகும், கிண்ணத்தில் விழுவதோ வெறும் காற்று. 50 மில்லி சாம்பிளுக்கு 0.02 நார்மல் செறிவுள்ள ஆசிட் என்றால் ஒரு மில்லி ஆசிட் 1.12 டிகேஹெச்சுக்குச் சமம். நாலு விரற்கடை, அதாவது 8 சென்டிமீட்டர் காலி டியூப் 0.16 மில்லி, 0.18 டிகேஹெச். எனக்குக் கூடிய 0.2 அதுதான். உங்களுக்கு 0.4 ஆடுகிறதென்றால் 18 சென்டிமீட்டர் வரை பின்வாங்க வேண்டும், அது நடக்கக்கூடியதுதான். 9.6 வந்தது அதிகாலையிலா, பெட்டி நெடுநேரம் சும்மா இருந்த பிறகா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

ஆகவே மார்க்கர் சோதனையை இன்று இரவே செய்யுங்கள். ஆசிட் நகர்ந்திருந்தால் டியூப்தான் காரணம். உள்விட்டம் மட்டுமல்ல, வெளிவிட்டமும் பழைய டியூபோடு ஒத்துப்போக வேண்டும். வெர்னியர் இருந்தால் பழைய துண்டை அளந்து வைத்துக்கொண்டு வாங்குங்கள். மீன் கடையில் ஏர் பம்புக்கு விற்கும் சிலிக்கான் டியூபைப் பம்ப் தலைக்குள் போடவே கூடாது. உருளைக்குத் தேய்ப்பதென்றால் சிலிக்கான் கிரீஸ் மட்டும். தேங்காய் எண்ணெய், வாஸலின் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், அவர்களுடைய டியூப்கள் உப்பியதையும் பார்த்திருக்கிறேன்.

சாம்பிள் லைனில் பார்க்க வேண்டியது வேறு. அங்கே டேங்குக்கும் பம்புக்கும் இடைப்பட்ட பகுதி உறிஞ்சும் பக்கம். இணைப்பு லூசாக இருந்தால் அந்தப் பக்கத்தில் தண்ணீர் கசியாது, காற்றுதான் உள்ளே போகும். டிஷ்யூ பேப்பர் சுற்றி வைத்து 'காய்ந்துதான் இருக்கிறது' என்று திருப்திப்படுவதில் பயன் இல்லை. டியூபுக்குப் பின்னால் வெள்ளைக் காகிதம் பிடித்து, பம்ப் ஓடும்போது கடுகு கடுகாகக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். நான்கு மீட்டராக நீட்டியபோது நடுவில் ஒரு ஜாயின்ட் போட்டீர்களா? அங்கேதான் முதலில் பாருங்கள். கத்தரிக்கோலால் சாய்வாக வெட்டிய முனை மாட்டும்போது ஒரு பக்கம் மட்டும் உட்காரும். பிளேடால் நேராக வெட்டி மாட்டுங்கள்.

காந்தக் கலக்கியின் வெள்ளை மணி நடுவில் சுற்றுகிறதா, ஓரத்தில் துள்ளுகிறதா என்பதை ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். வினிகரில் ஊறிய பிறகு அதைத் தலைகீழாகப் போட்டவர்கள் உண்டு.

கழிவு டியூபில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, பலர் விடுவது. கிண்ணத்தைக் காலிசெய்யும் டியூபின் நுனி அடியைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். புதிதாக மாட்டும்போது இரண்டு மூன்று மில்லிமீட்டர் மேலே நின்றுவிட்டால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தண்ணீர் அடியில் தங்கும். சோதனை முடிந்த தண்ணீர் தங்கினால் பெரிதாகப் பாதகமில்லை, அதன் காரத்தை ஆசிட் ஏற்கனவே தின்றுவிட்டது. ஆனால் சோதனைக்கு முன் பெட்டி டேங்க் தண்ணீரால் கிண்ணத்தை அலசுமே, அது தங்கினால் 50 மில்லிக்குப் பதில் 51, 52 மில்லி சாம்பிள் ஆகிவிடும். ரீடிங் ஏறும், தங்கும் அளவு மாறமாற ஆடவும் செய்யும். காலிசெய்த பிறகு கிண்ணத்தை எட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

ப்ரோபுக்கு வருகிறேன். எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது அதைத்தான், நான் கடைசியில் வைக்கிறேன். காரணம் எளிது. சோதனை முடியும் இடமான பிஹெச் 4.5-ஐ நெருங்கும்போது சொட்டு ஆசிட்டுக்கே பிஹெச் சரசரவென்று இறங்கும். ப்ரோப் 0.3 பிஹெச் தப்பாகக் காட்டினாலும் கேஹெச்சில் வரும் பிழை சுமார் 0.2-தான். உங்களுக்குக் கூடியிருப்பது 1.2. அதை ப்ரோப் மட்டுமே செய்ய வேண்டுமென்றால் ஏறக்குறைய ஒரு முழு பிஹெச் தப்பாகச் சொல்ல வேண்டும். அப்படிப்பட்ட ப்ரோப் 4 மற்றும் 7 பஃபரில் (பிஹெச் முன்பே தெரிந்த கரைசல்கள்) அன்றைக்கே மாட்டியிருக்கும்.

ஆனால் ஆட்டத்தில் அதற்குப் பங்கு இருக்கலாம். கழுவிவிட்டு மேசைமேல் காய வைத்தீர்களா? ஆர்ஓ தண்ணீரில் ஊறப்போட்டீர்களா? இரண்டுமே கண்ணாடி முனையை மந்தமாக்கும். மந்தமான ப்ரோப் பிஹெச் இறங்கிவிட்டதைத் தாமதமாகச் சொல்லும், அதற்குள் பெட்டி கூடுதலாக ஆசிட் விட்டுவிடும். ப்ரோபை 3 மோலார் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் ஒரு ராத்திரி வையுங்கள். பிறகு 7 பஃபரிலிருந்து எடுத்து, அலசி, 4 பஃபரில் வைத்து எத்தனை விநாடியில் எண் நிலைக்கிறது என்று பாருங்கள். அரை நிமிடத்துக்குள் நிலைத்தால் நல்லது. இரண்டு நிமிடம் இழுத்தால் புதிது வாங்க வேண்டியதுதான். மில்லிவோல்ட் காட்டும் பெட்டியாக இருந்தால் 7-க்கும் 4-க்கும் இடையே 25 டிகிரியில் 177 வர வேண்டும், 160-க்குக் கீழே போனால் வயதாகிவிட்டது என்று அர்த்தம்.

வினிகரை நினைத்துப் பயப்பட வேண்டாம். அது லைனில் மிச்சம் இருந்தால் ரீடிங் குறையும், கூடாது. அதுவும் மூன்று நான்கு ஓட்டத்தில் போய்விடும்.

ஆட்டம் அடங்கிய பிறகு எடை போட்டுப் பார்க்கும் வேலை. இதைத்தான் டியூப் மாற்றிய உடனே செய்திருக்க வேண்டும். புது டியூபும் பழைய டியூபும் ஒரு சுற்றுக்கு ஒரே அளவு தள்ளாது. இரண்டு வருடம் நசுங்கிய டியூப் குறைவாகத் தள்ளும், புதியது கூடுதலாக. புது டியூபை மாட்டி ஒரு மணி நேரமாவது வெறும் ஆர்ஓ தண்ணீரில் ஓட விடுங்கள், முதல் விறைப்பு அடங்கட்டும். பிறகு தராசில் ஒரு சின்ன டம்ளரை வைத்து எடையைப் பூஜ்யமாக்கி, சாம்பிள் பம்பை 50 மில்லி தள்ளச் சொல்லுங்கள். 30 டிகிரி வெப்பத்தில் 50 மில்லி ஆர்ஓ தண்ணீர் 49.8 கிராம் இருக்கும். டேங்க் தண்ணீரில் செய்தால் ஒரு மில்லிக்கு 1.02 கிராம் என்று வகுத்துக்கொள்ளுங்கள். மூன்று தடவை செய்து சராசரி எடுங்கள். ஆசிட் பம்புக்கும் அப்படியே, ஆனால் பாட்டிலுக்குப் பதில் ஆர்ஓ தண்ணீரில் டியூபை விட்டு, 10 மில்லி. வேலை முடிந்ததும் அந்த லைனை ஆசிட்டால் நிரப்பி, முதல் சில மில்லியைக் கீழே விட்டுவிட வேண்டும். பியூரெட் பாடம் ஞாபகம் இருக்கட்டும்.

எந்தப் பம்ப் தப்பு என்று ரீடிங்கே ஓரளவு சொல்லிவிடும். சாம்பிள் டியூபை மட்டும் புதிதாக்கினால் தண்ணீர் கூட விழும், ஆசிட் அதிகம் கேட்கும், ரீடிங் ஏறும். ஆசிட் டியூபை மட்டும் புதிதாக்கினால் சுற்றுக்கு ஆசிட் கூட விழும், குறைந்த சுற்றில் முடிந்துவிடும், ரீடிங் இறங்கும். நீங்கள் இரண்டையும் ஒரே நாளில் மாற்றியதால் ஒன்று இன்னொன்றை மறைத்துக்கொண்டிருக்கலாம். எடை போட்டால் மட்டும்தான் வெளியே வரும்.

இத்தனையும் பார்த்த பிறகும் ரீடிங் ஒத்துவரவில்லையென்றால் சமையல் சோடாவில் 6 கேஹெச் தண்ணீரும் 10 கேஹெச் தண்ணீரும் செய்து இரண்டையும் அளங்கள். ஒவ்வொன்றிலும் முதல் ஓட்டத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்த மூன்றின் சராசரி. 6-க்கு 6.8-ம் 10-க்கு 11.4-ம் வந்தால் விகிதம் ஒன்றே, எங்கோ அளவு தப்பு: பம்பின் கொள்ளளவு, அல்லது பழைய கேலிப்ரேஷன். 6-க்கு 7.2, 10-க்கு 11.2 என்று இரண்டிலும் ஒரே 1.2 கூடினால் அது அளவுத் தப்பு அல்ல. ப்ரோப் தாமதம், ஆசிட் பின்வாங்குவது போன்ற ஏதோ ஒன்று ஒவ்வொரு ஓட்டத்திலும் நிலையாக ஒரு துண்டைச் சேர்க்கிறது. கேலிப்ரேஷன் பெருக்கத்தான் செய்யும், கழிக்காது. இரண்டாவது வகைக் கோளாறை அதைக் கொண்டு மூடினால் 8-இல் சரியாக இருக்கும், 6.5-இல் பொய் சொல்லும்.

இனி கடைசிக் கேலிப்ரேஷன். பெட்டியின் மெனுவில் பழைய கேலிப்ரேஷனை அழித்து ஆரம்ப நிலைக்குக் கொண்டுவாருங்கள். பம்ப் அளவை எடைப்படி பதியுங்கள். லைனைக் கழுவும் அளவை 2-லிருந்து 10 மில்லிக்கு ஏற்றுங்கள்; மெனுவில் அதற்கு வழியில்லையென்றால் டியூபைத் திரும்ப ஒரு மீட்டராக்கும் வழியைப் பாருங்கள், எனக்கு அதுதான் பிடிக்கும். நீளமான சாம்பிள் டியூபால் தொல்லையைத் தவிர ஒன்றும் கிடைப்பதில்லை. ப்ரோபுக்கு 7, 4 பஃபர். பிறகு டியூபின் வெளிப்பக்கத்தைத் துடைத்து, கேலிப்ரேஷன் திரவத்தைக் கொஞ்சம் தனி டம்ளரில் ஊற்றி அதில் வையுங்கள். பாட்டிலுக்குள் நேரே விட்டால் மிச்சத் திரவமும் கெடும். லைனை நிரப்பும் ப்ரைம் பட்டனை அழுத்தி 10 மில்லி போகவிட்டு, கிண்ணத்தையும் அதாலேயே ஒருமுறை அலசிக் காலிசெய்து, அதன் பிறகு கேலிப்ரேஷன். உடனே கழுவாமல் அதே திரவத்தை இரண்டு தடவை சாதாரணமாக அளந்து பாருங்கள். இரண்டும் 0.1-க்குள் வந்தால் டியூபை டேங்கில் விடலாம்.

டோசரை அன்றே இணைக்காதீர்கள். இரண்டு நாள் ரீடிங்கைக் கையளவுக் கருவியோடு வைத்துப் பார்த்துவிட்டு, அப்போது உண்மையான கேஹெச் எங்கே நிற்கிறதோ அதையே டார்கெட்டாக வைத்து இணையுங்கள். 7.2-இல் இருந்தால் டார்கெட் 7.2. அங்கிருந்து தினம் 0.2, 0.3 என்று ஏற்றிப் பழைய இடத்துக்குக் கொண்டுபோங்கள். புது டியூப் இன்னும் கொஞ்சம் தளரும் என்பதால் பத்து நாள் கழித்துத் தராசை ஒருமுறை வெளியே எடுக்க வேண்டிவரும்.

மார்க்கர் கோடு எவ்வளவு நகர்ந்தது, மூன்று ஓட்டத்தில் 8.0 திரவம் என்ன காட்டியது, இந்த இரண்டு தகவலையும் மட்டும் எழுதுங்கள். மற்றதை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.